கண்டறியப்படவில்லை

இலக்கணம் கற்பிப்பவனுக்கு ஒரு தொழில் வியாதி உண்டு. பேருந்து நிலையச் சுவரொட்டியிலும் மருந்துச் சீட்டிலும்கூட எழுவாயைத் தேடிக்கொண்டிருப்பான். 2012 ஜூன் மாதத்தில் எங்கள் கல்லூரிக் கணிப்பொறிக் கூடத்தின் மூலையில், நீலத் திரையொன்றில் வந்து நின்ற ஆங்கில வாக்கியத்தின் முன்னால் நானும் அந்த வியாதியோடுதான் உட்கார்ந்திருந்தேன். ‘ஈதர்நெட் அட்டை எதுவும் கண்டறியப்படவில்லை’ என்பது அதன் பொருள். செயப்பாட்டுவினை. யாரால் கண்டறியப்படவில்லை என்பது வாக்கியத்தில் இல்லை.

என் கையிலிருந்த தாளிலும் செய்தவர் யாரும் இல்லை. ‘மேற்படி வழங்கிக் கணிப்பொறி பழுதுற்றதாகக் காணப்படுகிறது, கழிவு செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.’ இதை அலுவலகத்தில் ‘கண்டம் பண்ணுவது’ என்பார்கள். ஜாதகத்தில் கண்டம் இருந்தால் பரிகாரம் சொல்வார்கள். அலுவலகக் கண்டத்துக்குப் பரிகாரம் கிடையாது. துறையின் சார்பில் நான் கையெழுத்திட்டால் அடுத்த வாரமே அந்த இயந்திரம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும்.

தமிழ்த்துறைக்கும் வழங்கிக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். காவிரிப் படுகையில் உள்ள இந்தக் கல்லூரியில் படித்து, இங்கேயே ஆசிரியனானவன் நான். தொண்ணூறுகளில் எங்களுக்கு நாட்டார் வழக்காற்றியல் நடத்திய பேராசிரியர் ஐயா, ஒவ்வொரு மாணவனும் தன் ஊரிலிருந்து ஓர் ஒலிநாடாவாவது பதிந்துகொண்டு வர வேண்டும் என்று விதி வைத்திருந்தார். தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி என்று ஆண்டுதோறும் சேர்ந்து, அவர் ஓய்வுபெற்றபோது துறையின் மரப் பீரோவில் 412 நாடாக்கள் இருந்தன. நாடாவின் மேல் பூசிய காந்தத்துகள் காலப்போக்கில் உதிரும், பூஞ்சையும் பிடிக்கும். ஐயா ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. இரண்டு கோடை விடுமுறைகளில் மாணவர்களை உட்காரவைத்து அத்தனையையும் கணிப்பொறிக்கு மாற்றினார். நாடா ஒன்றுக்கு ஒரு மணி நேரம். குறுந்தட்டின் தரத்தில் சுருக்காமல் வைத்தால் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் வேண்டும். ஆக மொத்தம் 260 கிகாபைட் அளவுக்குப் பாட்டு. அது இரண்டு வெளி வன்தட்டுகளில் பிரதிக்கொன்றாக இருந்தது. அவற்றுள் ஒன்று அந்த ஆண்டு கோடையில் ‘டிக்… டிக்…’ என்று ஒலியெழுப்பத் தொடங்கியது. வன்தட்டு அப்படி ஒலித்தால் அதற்கு நாள் குறித்தாயிற்று என்று பொருள்.

இந்த நேரத்தில்தான் முன்னாள் மாணவர் ஒருவர், தம் அலுவலகத்தில் மாற்றிவிட்ட வழங்கி ஒன்றைத் துறைக்கு அன்பளிப்பாக அனுப்பினார். நான்கு வன்தட்டுகள், ஒன்று செயலிழந்தாலும் பாட்டு அழியாத ஏற்பாடு. ‘சர்வர்’ என்பதற்கு ‘வழங்கி’ என்று சொல்லாக்கியவர் யாரோ, அவரை நான் பலமுறை மனத்துக்குள் வாழ்த்தியிருக்கிறேன். கேட்டவர்க்கு எடுத்துக் கொடுப்பதே அதன் வேலை. ஆனால் வலைத்தொடர்பு இல்லாத வழங்கி கதவில்லாத களஞ்சியம்தான். உள்ளே நெல் இருக்கும். ஒருவர் வீட்டிலும் உலை கொதிக்காது.

அந்த 412 நாடாக்களில் ஒன்று நான் பதிந்தது. 1996இல், இரண்டாமாண்டு மாணவனாக. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

*

வழங்கியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவும் வேலையை ஆய்வகத்தில் இருந்த தம்பி ஏற்றுக்கொண்டார். அரை நாளில் கைவிட்டார். “சார், நெட்வொர்க் கார்டு போயிருச்சு. மதர்போர்டோட சேந்தது, மாத்தவும் முடியாது. பேசாம கண்டம் போட்டுருங்க” என்றார். அவர்மேல் பிழை சொல்ல மாட்டேன். அறுபது மாணவர்களின் கணிப்பொறிகளை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பிழை என்னுடையது. நோய் என்னவென்று தெரியுமுன் மருந்து வாங்கினேன். திருச்சிக்குப் போய் நானூறு ரூபாய்க்கு ஒரு வலை அட்டை வாங்கிவந்து, மூடியைத் திறந்து பார்த்தால் அது எந்தச் செருகுவாயிலும் பொருந்தவில்லை. நான் வாங்கியது பழைய பிசிஐ வகை. இயந்திரத்தில் இருந்தவை எல்லாம் பிசிஐ எக்ஸ்பிரஸ் வகை. இரண்டும் பெயரில்தான் உறவு. உருவத்தில் ஒன்றுக்கொன்று சேராது. கடைக்காரர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் கேட்டிருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

அன்றிரவு விடுதிக்காலத்து நண்பனைத் தொலைபேசியில் அழைத்தேன். சென்னையில் வழங்கிகளோடு வாழ்க்கை நடத்துபவன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, “செத்துப்போச்சுன்னு யார்றா சொன்னது? நாடி பிடிச்சுப் பாத்தியா?” என்றான். பிறகு அவன் சொன்ன முறையை ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

‘இல்லை’ என்று ஒரு திரை சொன்னால் அதற்கு ஐந்து பொருள் இருக்கலாம். பொருளே இல்லாமல் இருக்கலாம், அல்லது பயாஸ் எனப்படும் அடிப்படை அமைப்பில் யாரோ அதை அணைத்துவைத்திருக்கலாம். இரண்டாவது, பொருள் இருந்தும் அது தாய்ப்பலகையின் கணக்கில் ஏறாமல் இருக்கலாம். மூன்றாவது, கணக்கில் ஏறியும் அதை இயக்கத் தெரிந்த இயக்கி இயங்குதளத்தில் இல்லாமல் போகலாம். நான்காவது, இயக்கி இருந்தும் அதற்கு வேண்டிய துணைக்கோப்பு இல்லாமல் போகலாம். ஐந்தாவது, எல்லாம் இருந்தும் கம்பி வேறு வாயில் செருகப்பட்டிருக்கலாம். ஐந்துக்கும் மருந்து வேறு. மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்; நடுவில் தாவக்கூடாது. நான் தாவியதன் விலை நானூறு ரூபாய்.

மறுநாள் மாலை வகுப்புகள் முடிந்ததும் உட்கார்ந்தேன். கம்பியைச் செருகியதும் வழங்கியின் முதுகில் இருந்த வாயில் சிறு பச்சை விளக்கு எரிந்தது. அந்த விளக்கை முதல்நாள் நாங்கள் யாருமே குனிந்து பார்க்கவில்லை. பயாஸில் நான்கு வாய்களும் இயக்கத்திலேயே இருந்தன. ஆக, முதற்பொருள் தள்ளுபடி.

நிறுவல் நடந்துகொண்டிருக்கும்போதே ஆல்ட், எஃப்2 விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த நீலத் திரைக்குப் பின்னால் ஒரு கருந்திரை திறக்கும். அங்கே எல்எஸ்பிசிஐ என்று ஆணையிட்டால் தாய்ப்பலகையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு எண்கள்: முதலாவது உற்பத்தியாளரைக் குறிப்பது, இரண்டாவது அந்தப் பொருளைக் குறிப்பது. குலப்பெயரும் இயற்பெயரும்போல. இன்டெல் நிறுவனத்தின் குல எண் 8086. 1978இல் அவர்கள் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் எண்ணையே அவர்கள் வைத்துக்கொண்டார்கள். பட்டியலின் நடுவில் நான்கு வரிகள், வேறொரு குல எண்ணோடு, ‘ஈதர்நெட்’ என்று தெளிவாக இருந்தன. இரண்டாம் பொருளும் போயிற்று. கண்டறியப்படவில்லை என்று ஒரு திரை சொல்ல, அதற்கு அடுத்த திரை அதே பொருளைப் பெயர்சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆல்ட், எஃப்4 அழுத்தினால் நிறுவியின் நாட்குறிப்பு வரும். அதில் விடை இருந்தது. இயக்கி வந்து அட்டையை அடையாளம் கண்டிருக்கிறது. பிறகு, எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட பெயருடைய ஒரு கோப்பைத் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை, விலகிக்கொண்டுவிட்டது. இயக்கி விலகியதால் அட்டைக்குப் பெயர் விழவில்லை. பெயர் விழாததால் நிறுவி அதை இல்லை என்றது.

அந்தக் கோப்பைத் தமிழில் நிலைபொருள் என்கிறார்கள். வலை அட்டைக்குள்ளும் ஒரு சிறு செயலி உண்டு. அதற்கும் ஒரு நிரல் வேண்டும். சில அட்டைகள் அந்த நிரலைத் தம் நினைவகத்திலேயே வைத்திருக்கும். சில அட்டைகள் மின்சாரம் வந்து விழிக்கும்போதெல்லாம் இயங்குதளம் அதைக் கையில் கொடுக்கும் என்று காத்திருக்கும். கொடுக்காவிட்டால் சும்மா இருக்கும்.

ஏட்டுச்சுவடி பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இட மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பட்ட பாட்டில் இதற்கும் பங்குண்டு. ஓலை இருக்கும், எழுத்து இருக்கும், தமிழ் தெரிந்தவரும் இருப்பார். ஆனால் புள்ளியில்லாத எழுத்தைப் புள்ளியோடு படிக்கும் பயிற்சியை ஓலை தன்னோடு வைத்திருப்பதில்லை. படிக்க வருபவர்தாம் கொண்டுவர வேண்டும். ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லி ஆற்றில் விடப்பட்ட சுவடிகளும் படிக்கக்கூடியவையே.

டெபியன் அந்தக் கோப்பைத் தராததற்கு ஒரு கொள்கை இருந்தது. நிலைபொருள்களில் பலவற்றின் மூலநிரலை உற்பத்தியாளர்கள் வெளியிடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளையே தருவது டெபியனின் உறுதி. எனவே 2011 பிப்ரவரியில் வந்த ஆறாம் பதிப்பில், கட்டற்றவை அல்லாத நிலைபொருள்களைக் கருவிலிருந்து பிரித்துத் தனிப்பகுதியில் வைத்துவிட்டார்கள். வேண்டியவர் தாமே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கொள்கையின் மேல் எனக்கு அன்றும் மரியாதை உண்டு. ஆனால் அன்றிரவு அதன் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவன் நான். அவர்களும் இந்த இடர்ப்பாட்டை உணர்ந்திருந்தார்கள். 2022இல் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த பன்னிரண்டாம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்புகள் நிறுவியோடு சேர்ந்தே வருகின்றன.

இதில் என்னைக் கூசவைத்த செய்தி வேறு. நிறுவலை மறுபடி முதலிலிருந்து ஓட்டியபோது, ‘கண்டறியப்படவில்லை’ என்ற திரைக்கு முந்திய திரையிலேயே அந்தக் கோப்பின் பெயரைச் சொல்லி, ‘வேறு ஊடகத்திலிருந்து ஏற்றட்டுமா?’ என்று நிறுவி கேட்டது. முதல்நாளும் கேட்டிருக்கும். தம்பி படிக்காமல் ‘இல்லை’யை அழுத்தியிருக்கிறார். பக்கத்தில் நின்ற நானும் படிக்கவில்லை. காரணத்தைச் சொன்ன திரையைத் தள்ளிவிட்டு, விளைவைச் சொன்ன திரையின் முன் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

*

கோப்பு வலையில் இருக்கிறது. வலைக்குப் போக அந்தக் கோப்பு வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அந்த நிலை. முதல்வர் அறைக் கணிப்பொறியில் அனுமதி வாங்கி இறக்கி, பென் டிரைவில் போட்டுக் கொண்டுவந்தேன். நிறுவி அதையும் காணவில்லை என்றது. இப்போது எனக்குப் பதற்றம் வரவில்லை. ‘இல்லை’ என்றால் எதைப் பார்த்து இல்லை என்கிறது என்று கேட்கப் பழகியிருந்தேன். பென் டிரைவ் விண்டோசின் என்டிஎஃப்எஸ் முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. நிறுவி எதிர்பார்த்தது ஃபேட் முறை. மாற்றிக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டது.

திரையில் நான்கு பெயர்கள் வந்தன. ஈத்0, ஈத்1, ஈத்2, ஈத்3. முதலாவதைத் தேர்ந்தேன். முகவரி கிடைக்கவில்லை என்றது. கம்பி முதுகில் 1 என்று அச்சிட்ட வாயில்தான் இருந்தது. ஐந்தாம் பொருள் நினைவுக்கு வந்தது. கம்பியை ஒவ்வொரு வாயாக மாற்றிச் செருகினேன். 3 என்று அச்சிட்ட வாயில் உயிர் வந்தது. ஈத்0 என்பது அங்கே இருந்தது.

நன்னூலில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பாகுபாட்டை ஆண்டுதோறும் நடத்துகிறேன். ஈத்0 என்பது இடுகுறிதான். முதலில் கண்ணில் பட்டதற்கு முதல் எண். இயந்திரத்தின் முதுகில் அச்சிட்டவருக்கும் இயங்குதளத்துக்கும் இந்த எண்ணிக்கையில் உடன்பாடு இருக்க வேண்டியதில்லை. பின்னாளில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அட்டை எந்தத் தடத்தில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையே பெயராக வைக்கும் முறை 2013இல் வந்தது. டெபியனின் புதிய நிறுவல்களில் 2017 முதல் அதுவே வழக்கம். ‘மூன்றாம் தடம், சுழியாம் இடம்’ என்று பொருள்படும் பெயர்கள். காரணப்பெயர்கள். ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இலக்கண மரபு மெல்லச் சிரித்துக்கொள்ளலாம்.

நிறுவல் முடிந்தபோது இரவு பத்துமணிக்கு மேல் ஆகியிருந்தது. எந்தப் பெயர் எந்த வாய் என்று குறித்துவைக்க வேண்டும். அதற்கு ஓர் ஆணை இருக்கிறது. பெயரைச் சொல்லி இட்டால் அந்தப் பெயருக்குரிய வாயின் விளக்கு மட்டும் சிமிட்டும். செய்தி கேட்டு வந்திருந்த ஆய்வகத் தம்பி வழங்கியின் பின்னால் கைவிளக்கோடு குந்தியிருந்தார். நான் ஒவ்வொரு பெயராக அழைத்தேன். “மூணாவது மினுக்குது சார்… இப்ப நாலாவது…” என்றார் அவர். பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் ஐயா’ என்று எழுவோமே, அதைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தம்பி தாமாகவே வெள்ளைத்தாளில் சீட்டு எழுதி நான்கு வாய்களிலும் ஒட்டினார். கழிவுத் தாளை நான் கிழிக்கவில்லை. கையெழுத்திடாமல் கோப்பிலேயே வைத்தேன்.

*

பாட்டுகள் ஏறிமுடிய ஓர் இரவு பிடித்தது. மறுநாள் காலையில் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். நாடா எண், ஊர், ஆண்டு, பாட்டின் வகை, பாடியவர், பதிந்தவர். ‘பாடியவர்’ என்ற கட்டத்தில் 37 இடங்களில் ‘பெயர் தெரியவில்லை’ என்றிருந்தது. அவற்றில் ஒன்றுக்கு எதிரே பதிந்தவர் பெயராக என் பெயர் இருந்தது.

அதைப் பாடியவள் என் அப்பாயி. சுற்றுவட்டாரச் சாவு வீடுகளுக்கு ஒப்பாரி சொல்ல அழைப்பார்கள். மரக்கால் நெல் கொடுப்பார்கள். தாத்தா இறந்து ஓராண்டு ஆனபின், நான் கேட்டேன் என்பதற்காக, திண்ணையில் ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து, அவருக்குச் சொல்லியதை மறுபடி எனக்காகச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, “ஓடுதா தம்பி?” என்று கேட்பாள். அதுவும் நாடாவில் இருக்கிறது.

விடுதியில் அதைக் கேட்ட ஒருவன், “கூலிக்கு மாரடிக்கிற கிழவிய எங்கடா புடிச்ச?” என்று சிரித்தான். கூடச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் படிவத்தில் ‘பாடியவர்’ என்ற கட்டம் வந்தபோது ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதினேன். ஐயா அதைப் பார்த்து, “அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டு எழுதுப்பா, பாவம், இவ்வளவு பாடியிருக்காங்க” என்றார். சரிங்கய்யா என்றேன். 2001இல் அப்பாயி இறந்தாள். அந்த நாடாவை அவளுக்கு ஒருமுறைகூடப் போட்டுக்காட்டவில்லை.

பதினாறு ஆண்டுகள் அந்தக் கட்டம் அப்படியே இருந்திருக்கிறது. அந்தப் பட்டியலை எத்தனையோ முறை திறந்திருக்கிறேன். அந்த வரிசையைப் படிக்காமலே தள்ளியிருக்கிறேன். இயந்திரம் தெரியாமல் இல்லை என்றது. நான் தெரிந்தே தெரியவில்லை என்றேன்.

அன்று காலை அந்தக் கட்டத்தில் அவள் பெயரையும் ஊரையும் எழுதினேன். பிறகு ஐயாவைப் பார்க்கப் போய் நடந்ததைச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. கடைசியில், “அப்ப மத்த முப்பத்தாறு பேரும் யாருன்னு கேட்டியா?” என்றார்.

கேட்கத் தொடங்கினேன். பாடியவர்களைத் தேட வழியில்லை. ஆனால் பதிந்தவர்களின் பெயர்கள் இருந்தன. பழைய மாணவர்கள், இப்போது ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், வெளிநாடுகளில் ஓட்டுநர்கள். தொலைபேசியில் ஆண்டையும் ஊரையும் சொன்னால் சிலர் உண்மையாகவே மறந்திருந்தார்கள். அண்டை வீட்டில் விசாரித்துச் சொன்னார்கள். சிலர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, “அது எங்கம்மாதான் சார்” என்றார்கள். ஏன் அன்று எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை.

அந்த வழங்கியை 2019இல் முறைப்படி கழித்தோம். அந்தத் தாளில் நான்தான் கையெழுத்திட்டேன். பாட்டுகள் அதற்கு முன்பே புதிய இயந்திரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டன. பட்டியலில் இன்னும் 11 பெயர்கள் கிடைக்கவில்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாக விட மனம் வரவில்லை; பழைய வாக்கியத்தை அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை. ஆகவே ‘பெயர் தெரியவில்லை’ என்பதற்கு முன்னால் ‘எங்களுக்கு’ என்று ஒரு சொல் சேர்த்தேன். எழுவாய் அல்ல, நான்காம் வேற்றுமைதான். ஆனாலும் அது அங்கே இருக்க வேண்டிய சொல்.